விண்டோஸ் லைசன்ஸ் போன நாள் வேறு, தெரிந்த நாள் வேறு

திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வரும். விண்டோஸை அக்டிவேட் செய்யுங்கள், அதற்கு செட்டிங்ஸுக்குப் போங்கள் என்று. லைசன்ஸ், அதாவது விண்டோஸைப் பாவிக்கும் உரிமை, செல்லும் என்று மைக்ரோசொப்ட்டிடம் உறுதிப்படுத்துவதுதான் அக்டிவேட் செய்வது. எதைத் திறந்து வைத்திருந்தாலும் அதற்கு மேலே போய் நிற்கும், மவுஸால் இழுத்து ஒதுக்கவும் முடியாது. இதைக் கண்டதும் கொழும்பு வெள்ளவத்தையில் என் சொந்தக்காரர், பக்கத்து ஃபிளாட்காரர், பக்கத்து ஃபிளாட்காரரின் சொந்தக்காரர் என்று யாராவது ஒருவர் வட்ஸ்அப்பில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கூடவே வரும் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "நேற்றுவரைக்கும் நல்லா இருந்தது."

பெரும்பாலும் அப்படி இருந்திருக்காது. லைசன்ஸ் போய் மாதக்கணக்காகியிருக்கும், அல்லது அந்த மெஷினில் அது எப்போதுமே இருந்திருக்காது, விண்டோஸ் வாய் திறந்தது மட்டும்தான் நேற்று. இது புரியாததால்தான் ஆட்கள் முதல் நாள் என்ன செய்தோம் என்று யோசித்து, பாவம் அப்டேட்டைத் திட்டி, புதிதாகப் போட்ட பிரிண்டர் டிரைவரைக் கழற்றி, கடைசியில் ஃபேஸ்புக்கில் யாரிடமோ ஒரு கீயை, அதாவது விண்டோஸை அக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீட்டை, வாங்கி அடித்துவிட்டு வருகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கீ வாங்குவதற்கு முன், உங்கள் மெஷின் இவ்வளவு நாளும் எந்த வகை லைசன்ஸில் ஓடியது என்று பாருங்கள். மருந்து முழுக்க முழுக்க அதைப் பொறுத்தது.

பயப்பட ஒன்றுமில்லை. இது வைரஸ் இல்லை, ஃபைல் எதுவும் அழியாது, இதற்காகப் பாதுகாப்பு அப்டேட்டுகளும் நிற்காது. வால்பேப்பர், நிறம் மாற்றும் பக்கங்கள் பூட்டப்பட்டிருக்கும், மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். 2001இல் எக்ஸ்பியுடன் இந்த அக்டிவேஷன் முறை விண்டோஸுக்கு வந்தபோது கொடுமை அதிகம், 30 நாளுக்குள் செய்யாவிட்டால் உள்ளே போகவே விடாது. விண்டோஸ் 7 திரையைக் கறுப்பாக்கி, இது அசல் இல்லை என்று எழுதி வைத்தது, அலுவலகத்தில் ஆள் வந்து பார்த்தால் மானம் போகும். இப்போதையது அவற்றோடு பார்த்தால் பரவாயில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? கட்டளைத் திரையை (கமாண்ட் புரொம்ப்ட்) திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு எக்ஸ்பிஆர் என்று அடித்து என்டர் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். (இதை ஃபோனில் சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய பாடு. ஸ்லாஷ் என்றால் பாதிப்பேர் மற்றப் பக்கம் சாய்ந்ததை அடிக்கிறார்கள். கேள்விக்குறி இருக்கிற விசையில் இருப்பது என்று நான் இப்போது சொல்லிப் பழகிவிட்டேன்.) நிரந்தரமாக அக்டிவேட் ஆகியிருக்கிறது என்று பெட்டியில் வந்தால் நல்லது. ஒரு திகதியும் நேரமும் போட்டு அதுவரைதான் என்று வந்தால், உங்களிடம் இருப்பது தவணை லைசன்ஸ். மூலையில் எழுத்து வராத மெஷினிலும் இதைச் செய்து பார்க்கலாம். பார்த்தபின் சில பேர் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். எக்ஸ்பிஆருக்குப் பதில் டிஎல்வி என்று அடித்தால் நீளமான விபரம் வரும், அதில் கீ எந்த வழியாக வந்தது என்று ஒரு வரி இருக்கும்: ஓஇஎம் (மெஷினோடு தயாரிப்பாளர் கொடுத்தது), ரீடெய்ல் (தனியாக வாங்கியது), வொல்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தது). ரீடெய்ல் என்று வந்த உடனே கடையில் காசு கொடுத்துப் பெட்டியோடு வாங்கியது என்று நினைத்துவிடவும் கூடாது. விண்டோஸின் புரோ பதிப்பு ஓடும் மெஷினில் கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி என்று இருந்தால் அது எல்லோருக்கும் பொதுவான ஒரு கீ, அதோடு நிரந்தரமாக அக்டிவேட் ஆகியும் இருந்தால் உண்மையான உரிமை மைக்ரோசொப்ட் சேர்வரில் உங்கள் மதர்போர்ட்டின் பெயரில் பதிந்து கிடக்கிறது என்று பொருள்.

அந்தத் தவணை லைசன்ஸைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், கொழும்பில் நான் பார்க்கிற மெஷின்களில் முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான்.

பெரிய கம்பனிகள் நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு ஒவ்வொன்றாகக் கீ அடிக்க முடியாது என்பதற்காக மைக்ரோசொப்ட் கொடுத்த வழி கேஎம்எஸ். கம்பனிக்குள்ளேயே ஒரு சேர்வர் இருக்கும், மெஷின்கள் அதனிடம் கேட்டு அக்டிவேட் ஆகும். சேர்வர் வேலை செய்யத் தொடங்கக் குறைந்தது 25 கணினிகளாவது அதைக் கேட்டிருக்க வேண்டும். கிடைக்கிற அனுமதி 180 நாளுக்கு. மெஷின் ஏழு நாளுக்கு ஒரு தடவை தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு தடவையும் கணக்கு மறுபடி 180இல் இருந்து தொடங்கும். ரயில் சீசன் டிக்கெட் மாதிரித்தான், திகதி முடியும்வரை கேட்டில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இப்போது அந்த லப்டொப்பைக் கம்பனிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சேர்வர் கிடைக்காது. மெஷின் ஒவ்வொரு கிழமையும் தேடும், தோற்கும், ஒன்றும் சொல்லாது. கடைசியாகப் புதுப்பித்த நாளில் இருந்து ஆறு மாதம் வரும்போதுதான் வாய் திறக்கும். வேலையை விட்டுவிட்டுக் கம்பனி லப்டொப்பைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது நடக்கும். அவர்கள் என்னிடம் வரும்போது வேலையை விட்டதையும் இதையும் சேர்த்து யோசிப்பதே இல்லை.

கடைகளில் "விண்டோஸ் அடித்துத் தருவது" என்பதும் பெரும்பாலும் இதே முறையின் போலி வடிவம். மெஷினுக்குள்ளேயே ஒரு பொய்ச் சேர்வரை ஓடவிட்டு, விண்டோஸ் தன்னைத் தானே கேட்டுத் தானே அனுமதி வாங்கும்படி செய்துவிடுவார்கள். இதைப் போடும்போது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான விண்டோஸ் டிஃபெண்டரை நிறுத்திவைத்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் டிஃபெண்டருக்கு இந்த வகைச் சாமான் ஆட்டோகேஎம்எஸ் என்ற பெயரில் நன்றாகத் தெரியும். பிறகு ஒரு நாள் டிஃபெண்டர் தன் பாட்டில் எழும்பி அதைக் கண்டு தூக்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. அன்றையில் இருந்து புதுப்பிப்பு மட்டும் நிற்கும். பல மாதம் கழித்து எழுத்து வரும், அதற்கு முதல் நாள் போட்ட அப்டேட் பழியைச் சுமக்கும்.

என் பெரியம்மாவின் மகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸூமில் வகுப்பு எடுக்கிறவர், பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கியிருந்தார். வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்டவை கொள்கலன் கொள்கலனாக இங்கே வருகின்றன, உடம்பு உறுதி, விலையும் தாங்கும், நான் கூட அவற்றைத்தான் வாங்கச் சொல்வேன். எழுத்து வந்ததும் அக்கா எனக்குக் கோல் அடித்தார்.

"தம்பி, நேற்று அப்டேட் போட்டனான், அதுதான் எல்லாத்தையும் குழப்பிப் போட்டுது."

"அப்டேட்டைப் பிறகு பாப்பம் அக்கா. வாங்கி எவ்வளவு காலம்?"

அரை வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கடைக்கும் அவர் ஏற்கெனவே கோல் அடித்திருந்தார். கடைக்காரத் தம்பி நல்ல பெடியன்தான், "ரீச்சர், கொண்டு வாங்கோ, அஞ்சு நிமிசத்தில திரும்ப அடிச்சுத் தாறன், காசும் வேண்டாம்" என்றிருக்கிறான். அவனுடைய கணக்கில் அது விற்பனைக்குப் பிந்திய சேவை.

லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். டிஎல்வி பெட்டியில் வொல்யூம், கேஎம்எஸ் கிளையன்ட் என்று அழகாக எழுதியிருந்தது. பதிப்பு என்டர்பிரைஸ், பெரிய கம்பனிகளுக்கானது. ஒரு ரீச்சருக்கு என்டர்பிரைஸ் எதற்கு! ஆனால் நான் தேடியது வேறொன்று. விண்டோஸ் 8 வந்த 2012இல் இருந்து பெரிய தயாரிப்பாளர்கள் கீயைப் பின்பக்க ஸ்டிக்கரில் ஒட்டுவதை விட்டுவிட்டு, மதர்போர்ட்டின் பயோஸுக்குள்ளேயே, அதாவது மெஷின் ஒன் ஆகும்போது முதலில் ஓடும் நிரல் இருக்கும் சிப்புக்குள்ளேயே, எழுதிவைக்கத் தொடங்கினார்கள். டிஸ்க்கை மாற்றினாலும் ஃபோர்மட் பண்ணினாலும் அது போகாது. பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளைத் திரையில் சாஃப்ட்வேர்லைசென்சிங்சேர்விஸ் என்ற பகுதியைக் கேட்டு, அதில் ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புரொடக்ட்கீ என்ற பெயரில் இருப்பதைக் காட்டு என்றால் காட்டும். முழுக் கட்டளையையும் தேடினால் ஒரே வரியாகக் கிடைக்கும், பிரதி எடுத்து ஒட்டினால் போதும். வெறுமையாக வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அக்காவின் லப்டொப்பில் ஐந்து ஐந்தாக 25 எழுத்தும் வந்து நின்றன. புரோ கீ.

அதற்குப் பிறகு செய்தது சாதாரண வேலை. மைக்ரோசொப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, சுத்தமாக ஃபோர்மட் பண்ணி மறுபடி போட்டேன். இன்ஸ்டோல் ஆகும்போது அது கீயும் கேட்கவில்லை, எந்தப் பதிப்பு என்றும் கேட்கவில்லை. பயோஸில் இருந்ததைத் தானே வாசித்துப் புரோவைப் போட்டது. வைஃபை கொடுத்ததும் அக்டிவேட் ஆனது.

நேரம் போனது அதற்கு முந்திய வேலையில். அக்காவின் பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துருவைப் பிரதி எடுத்து வைக்காமல் ஃபோர்மட் பண்ணினால், ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கலைத்த மாதிரி ஒரு பக்கம் தெரியும், அக்கா என்னைக் கொன்றுவிடுவார். ஃபொன்ட்ஸ் கோப்புறையை முழுதாகவே அள்ளி வைத்தேன். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், வட்ஸ்அப்பில் இருந்து இறக்கிய படங்கள் கிடக்கும் டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப்பில் மூன்று வரிசையாகக் கிடந்தவை. ஃபோர்மட் பண்ணச் சொல்லி யாராவது இலகுவாகச் சொன்னால், அவர் உங்கள் டெஸ்க்டொப்பைப் பார்த்ததில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் சரியான கீ உள்ளுக்கையே கிடந்ததா?"

"ஓம் அக்கா."

"பிறகேன் அவன் அதைப் போடேல்லை?"

நியாயமான கேள்வி. கடையில் ஒவ்வொரு லப்டொப்புக்கும் தனித்தனியாக விண்டோஸ் போடுவதில்லை. ஒரு மெஷினில் எல்லாம் நிறுவி, ஒஃபிஸ், போட்டோஷொப், தமிழ் எழுத்துரு எல்லாம் சேர்த்து, அந்த டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி பண்ணிவிடுவார்கள். நாற்பது மெஷினில் எதற்குள் உண்மையான கீ இருக்கிறது, எதற்குள் இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. வாங்க வருகிறவர்களும் ராம் எவ்வளவு, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்படிக் காசு கொடுத்து வாங்கப்பட்ட லைசன்ஸ் உள்ளே கிடக்க, அதற்கு மேலே போலி ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் இந்த ஊரில் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

மதர்போர்ட் மாற்றியவர்களின் கதை வேறு. அவர்களுக்குத்தான் உண்மையிலேயே ஒரு நாளில் போகிறது. போன இடிக்காலத்தில் என் டெஸ்க்டொப்பின் மதர்போர்ட் ரவுட்டர் கேபிள் வழியாக வந்த மின்னலில் செத்தது. (2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதாக அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கு என் மெஷினுக்கு ஒரு கீறலும் விழவில்லை. குரங்கைக் குற்றம் சொல்ல மாட்டேன்.) புதிய போர்ட் போட்டு ஒன் பண்ணினால் சி004எஃப்211 என்ற எண்ணோடு மறுப்பு வந்தது. ஹார்ட்வெயார் மாறிவிட்டது, நீ பழைய ஆள் இல்லை என்று அர்த்தம். ராம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்ட் மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்ட் மாறினால் விண்டோஸின் கண்ணில் அது புதுக் கணினி.

2016 ஓகஸ்டில் வந்த பெரிய அப்டேட்டோடு விண்டோஸ் 10க்கு ஒரு வழி கிடைத்தது. லைசன்ஸை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தால், அக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் என்பதை அழுத்தி, அண்மையில் ஹார்ட்வெயார் மாற்றினேன் என்று சொல்லி, கணக்குக்குள் போய், வருகிற பட்டியலில் பழைய மெஷினைத் தெரிவு செய்து, இதுதான் நான் இப்போது பாவிப்பது என்று அடையாளம் போடலாம். எனக்கு அப்படித்தான் திரும்பி வந்தது. பட்டியலில் எல்லாம் டெஸ்க்டொப் என்று தொடங்கி ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரே மாதிரிப் பெயரில் இருக்கும், மெஷினுக்கு ஒழுங்கான பெயர் வைத்திருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும். பழையது புரோவாக இருந்து புதிதாக ஹோம் போட்டிருந்தால் ஒத்துவராது. முக்கியமாக, இது ரீடெய்ல் லைசன்ஸுக்கு உரிய வசதி. லப்டொப்போடு வந்த ஓஇஎம் லைசன்ஸ் அந்தப் போர்ட்டோடு பிறந்து அதோடு சாவது, இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை விதிப்படி இல்லை.

கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய பழைய டெஸ்க்டொப் வேறு விதமாக மறுத்தது. விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தார், கீ சரி, நெற் சரி, ஆனால் 80072எஃப்8எஃப் என்று வந்துகொண்டே இருந்தது. மூலையில் திகதியைப் பார்த்தேன், 2012. "சேர், மெஷினைப் பாவிச்சு முடிஞ்சதும் சுவரில சுவிட்ச் ஓஃப் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். பண்ணாமல்? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை மதர்போர்ட்டின் கடிகாரம் அதில் ஓடும், இல்லாதபோதுதான் சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரியைத் தின்னும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்ததே, அந்த வருஷம் எத்தனை பற்றரி வற்றியிருக்கும்! திகதி பத்து வருஷம் பின்னால் இருந்தால் மைக்ரோசொப்ட் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பேச்சே தொடங்காது. பற்றரி மாற்றித் திகதியைத் திருத்தியதும் முடிந்தது.

சில நாள் தவறு நம் பக்கமே இருக்காது. 2018 நவம்பர் 8 அன்று உலகம் முழுக்க நிறைய விண்டோஸ் 10 புரோ மெஷின்கள், உங்களிடம் ஹோம் லைசன்ஸ்தான் இருக்கிறது என்று சொல்லி எழுத்தைக் காட்டின. மைக்ரோசொப்ட் அக்டிவேஷன் சேர்வரில் வந்த கோளாறு அது. இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 8 அளவில், அலுவலகங்களில் ஒழுங்காக ஓடிய விண்டோஸ் 7 மெஷின்கள் அசல் இல்லை என்று கத்தின, அதுவும் அவர்கள் சேர்வரில் செய்த மாற்றம்தான், அடுத்த நாள் திருப்பி எடுத்தார்கள். அந்த நாட்களில் அவசரப்பட்டு ஃபோர்மட் பண்ணியவர்களை நினைத்துப் பாருங்கள். அசல் லைசன்ஸ் என்று நிச்சயம் தெரிந்த மெஷினில் எழுத்து வந்தால் ஒரு இரவு விட்டுப் பார்ப்பேன்.

விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் இருக்கும் பழைய கீயை அடித்து 10ஐயோ 11ஐயோ எழுப்பலாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். நீண்ட காலம் அப்படிச் செய்ய முடிந்தது, 2023 செப்டெம்பரில் அந்த வழியை மூடிவிட்டார்கள்.

இனி மலிவுக் கீ. அசல் விண்டோஸ் 11 புரோவின் அமெரிக்க விலை 199.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 60,000. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 அளவில் நின்றபோது இதே சாமான் 40,000. பாவித்த லப்டொப்பின் விலையோடு போட்டி போடுகிற தொகை இது, ஒரு டியூஷன் ரீச்சரிடம் போய் இதைக் கட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் ஒன்றிரண்டாயிரம் ரூபாய்க் கீ விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். அவற்றில் நிறைய, எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வொல்யூம் கீ, இத்தனை மெஷினுக்கு மட்டும் என்று எண்ணிக்கை வைத்தது, அதைப் பிரித்துப் பிரித்து விற்கிறார்கள். இன்றைக்கு வேலை செய்யும். எண்ணிக்கை தீர்ந்தால் சி004சி008 என்ற பிழை எண் வரும், மைக்ரோசொப்ட் கண்டு தடுத்தால் சி004சி003. விற்றவரின் ஃபேஸ்புக் பக்கம் அப்போது வேறு பெயரில் இருக்கும். காசு கொடுத்ததால் அது அசல் ஆகிவிடாது, போலியைக் காசு கொடுத்து வாங்கிய கணக்குத்தான்.

பயோஸிலும் இல்லை, கணக்கிலும் இல்லை, காசு கொடுத்து வாங்கிய பெட்டியும் இல்லை என்றால் பொதுவாக மீட்க ஒன்றுமில்லை, பெரும்பாலும் அந்த மெஷினுக்கென்று சொந்த லைசன்ஸ் இருந்திருக்காது. அலுவலகம் என்றால் வாங்கச் சொல்வேன், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. வீட்டில் பிரவுசரும் ஸூமும் மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பேர் இன்னும் அதிலேயே இருக்கிறார்கள், ஒருவர் பிரிண்டருக்காகத் திரும்பி வந்தார்.

உங்கள் மெஷின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்றால், இன்றைக்கே செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அக்டிவேஷன் போய் அந்த ஒரு வரியை வாசியுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ், மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டது என்று இருந்தால் விட்டுவிடலாம். கணக்கைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பயோஸ் கீ வருகிறதா என்று பார்த்து, வந்தால் மெஷினுக்கு வெளியே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒக்டோபரில் இடி தொடங்குவதற்கு முன் செய்தால் நல்லது, இடிக்கிற நேரத்தில் ரவுட்டர் கேபிளையும் கழற்றுங்கள்.